சின்னக் கட்டை, பெரிய ஆள்: குட்டை ரைஃபிளைத் தோளுக்குப் பொருத்துவது எப்படி

கடையில் 'யூத் மாடல்' என்று அட்டை மாட்டியிருக்கும் குட்டை ரைஃபிளைப் பெரியவர்கள் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அது பிள்ளைகளுக்கு என்று கடந்து போய்விடுகிறார்கள். நான் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒடாகோ பக்கம் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் முயல் வேட்டைக்கு நான் தூக்கிக்கொண்டு போனது அப்படி ஒரு குட்டை .22 (0.22 அங்குல விட்டத் தோட்டா போடும் சின்ன ரைஃபிள்) தான். இப்போது ஏற்காட்டில் அம்மா வீட்டோடு இருக்கிறேன். வார இறுதிகளில் கீழே சேலத்துக்கு இறங்கி, புதிதாகச் சுட வருகிறவர்களுக்கு ஏர் ரைஃபிள் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நான் வேலை பார்த்த அதே பக்கத்துக்கு இப்போது வேலைக்குப் போயிருக்கும் அக்கா மகன் போன மாதம் போனில் கேட்டான்: "சித்தி, லைசென்ஸ் வந்துடுச்சு. மலை ஏறும்போது பையில சொருகுற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஆனா கூட இருக்கிறவங்க அது பசங்க துப்பாக்கிங்கிறாங்க." அவனுக்குச் சொன்னதையும், சேலத்தில் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ச் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது இங்கே பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. சேர்வராயன் மலையில் முயலோ காட்டுக்கோழியோ கொக்கோ, எதைச் சுட்டாலும் குற்றம். ஏர்கன்னால் சுட்டாலும் குற்றம்தான். எஸ்டேட்டுக்குள் காட்டெருமை வந்தால், காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டினால், வனத்துறைக்குச் சொல்வதுதான் வழி. குட்டை ரைஃபிளோ நெட்டை ரைஃபிளோ அதற்கு மருந்தில்லை. காட்டெருமை முன்னால் .22-ஐ நீட்டுகிறவர் தன் உயிரோடு விளையாடுகிறார். 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். .22 தோட்டா போடும் எதற்கும் கட்டாயம் வேண்டும். ஆகவே கீழே வேட்டை என்று நான் எழுதுவதெல்லாம் அது சட்டப்படி நடக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு. தோள், கட்டை (ரைஃபிளில் தோளில் பதியும் பின்பகுதி), பிடி பற்றி எழுதுவது சேலத்து ரேஞ்சில் பத்து மீட்டரில் அட்டையைச் சுடுகிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

இனி கட்டைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் முக்கால்வாசி அதுதான். ட்ரிகரிலிருந்து பின்கட்டையின் முனை வரை உள்ள நீளத்தைக் கடைக்காரர்கள் 'லென்த் ஆஃப் புல்' என்பார்கள். பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் அது பெரும்பாலும் 13.5 முதல் 14 அங்குலம். சராசரி அமெரிக்க, ஐரோப்பிய ஆண் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு அது. கிரிக்கெட் (விளையாட்டு இல்லை, ஒரு ரைஃபிளின் பெயர்), சாவேஜ் ராஸ்கல் மாதிரியான சிறுவர் ரைஃபிள்களில் 11.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். சி.இசட். 457 ஸ்கவுட்டில் 12. ரூகர் 10/22-இன் காம்பாக்ட் மாடலில் 12.75. நம் ஊர்ப் பெண்களில் பலருக்கும், ஆண்களில் கணிசமானவர்களுக்கும் 12-க்கும் 13-க்கும் நடுவில்தான் சரியான அளவு வருகிறது. பெரிய கட்டையைப் பிடிக்கும்போது தலையை முன்னால் நீட்டி, இடுப்பைப் பின்னால் வளைத்து, இடது கையை விறைத்துச் சுடுகிறார்கள். குறி தவறினால் 'எனக்குக் கை நடுங்குது மேடம்' என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள். நடுங்குவதற்குக் காரணம் கட்டை. ஒரு அங்குலம் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள், அதே ஆள் அசையாமல் நிற்பார்.

அளந்து பார்க்க ஒரு பழைய முறை உண்டு. முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்ப்பது. கடையில் எல்லாரும் இதைத்தான் செய்து காட்டுவார்கள். இது தோராயம்தான். கழுத்து நீளம், நெஞ்சு அகலம், உடுத்தியிருக்கும் துணி எதுவும் இந்தக் கணக்கில் வராது. நான் நம்புவது வேறு முறையை. ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆளில்லாத பக்கம், கெட்டியான சுவரைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளை இயல்பாகத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். தலையை நகர்த்தாமலே குறிமுள் நேராகத் தெரிந்தால் பொருந்துகிறது. கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கட்டை உங்களுக்குக் குட்டை. கழுத்தை நீட்டினால்தான் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) முழு வட்டம் தெரிகிறது என்றால் நெட்டை. ஐந்தாறு முறை செய்யுங்கள், ஒரு முறை சரியாக வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் இதை ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஒடாகோவில் ஜூலை மாதக் காலையில் புல் முழுக்க உறைபனி படிந்திருக்கும். கம்பளி, அதற்கு மேல் மழைக்கோட்டு என்று போட்டால் தோளில் ஓர் அங்குலம் கூடிவிடும். கோடையில் கச்சிதமாக இருந்த 13 அங்குலக் கட்டை குளிர்காலத்தில் அக்குளில் மாட்டும். ஆறடி ஆட்கள்கூடக் குளிர்காலத்துக்கென்று குட்டைக் கட்டை மாட்டிக்கொள்வதை அங்கே பார்த்தேன். அவர்கள் யாரும் அதைச் சின்னப்பிள்ளை சாமான் என்று நினைக்கவில்லை.

குட்டையாக வாங்கி நீட்டுவது சுலபம், நெட்டையாக வாங்கி வெட்டுவது கஷ்டம். இதனால்தான் சந்தேகம் இருந்தால் யூத் மாடலை எடுங்கள் என்கிறேன். சில கம்பெனிகள் கட்டை முனையில் சொருக ஸ்பேசர் தகடுகள் தருகின்றன. ரூகர் அமெரிக்கன் .22 ரகத்தில் கட்டையின் கன்னப் பகுதியையே கழற்றி உயரமானதை மாட்டலாம். இப்படி எதுவும் இல்லாத ரைஃபிளுக்கு, பின்தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, நடுவில் அரை அங்குலப் பிளைவுட் ஒன்றோ இரண்டோ வைத்து, நீளமான ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் போதும். செவ்வாய்ப்பேட்டையில் மரவேலை செய்யும் ஒருவர் எங்கள் ஏர் ரைஃபிள்களுக்கு இதைச் செய்து தருகிறார். பின்தகட்டின் அச்சைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தால் அச்சுப் பிசகாமல் வெட்டிவிடுவார். அதன் மேல் செருப்பு அடியில் ஒட்டுகிற ரப்பர் ஷீட்டை ஒட்டினால் தோளில் வழுக்காது.

நீளத்தைச் சரி செய்த பிறகும் கன்னம் மிச்சமிருக்கிறது. சிறுவர் கட்டைகள் திறந்த குறிமுள்ளுக்காகத் தாழ்வாகச் செய்யப்பட்டவை. அதன் மேல் ஸ்கோப் ஏற்றினால் பெரியவர் முகம் கட்டையில் பதியாமல் தாடை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் கண் வேறு உயரத்தில் நிற்கும், குண்டு வேறு இடத்தில் போய் விழும். யோகா பாயிலிருந்து ஒரு துண்டு ஃபோம் வெட்டி, கன்னம் படும் இடத்தில் வைத்து, பட்டையான துணி டேப்பால் சுற்றுங்கள். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் தண்டை) முழுதாகப் பின்னால் இழுக்க இடம் விட்டுச் சுற்றுங்கள். கண்ணை மூடித் திறக்கும் அதே சோதனையைத் திரும்பச் செய்து உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இந்த ஒரு துண்டு ஃபோம் கூட்டுகிற துல்லியத்தை விலை உயர்ந்த ஸ்கோப்பால் தர முடியாது.

பேரல் (குண்டு வெளியேறும் குழல்) குட்டையாக இருந்தால் வேகம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். .22 தோட்டாவில் வெடிமருந்து மிகக் கொஞ்சம், பதினாறு அங்குலத்துக்குள் அது தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. இந்தக் குட்டை ரைஃபிள்களின் பேரல் எல்லாம் 16 அங்குலத்துக்குச் சொச்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அமெரிக்கச் சட்டம், அதற்குக் கீழே போனால் அங்கே வேறு வகை ஆயுதமாகிவிடும். நியூசிலாந்தில் மொத்த நீளத்தைப் பார்க்கிறார்கள், 762 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது பிஸ்டல் கணக்கில் சேரும். ஆகவே யூத் ரைஃபிளின் கட்டையை அறுக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

குட்டை ரைஃபிளில் உண்மையான சிக்கல் எடை. சின்னவை ஒன்றேகால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். தூக்கிக்கொண்டு நடக்க சுகம், நின்று சுட சிரமம். கனமான ரைஃபிள் நம் மூச்சையும் நாடியையும் கொஞ்சம் விழுங்கிவிடும், லேசானது ஒவ்வொரு துடிப்பையும் முனையில் காட்டிவிடும். இன்னொன்று ட்ரிகர். ஒன்றேகால் கிலோ ரைஃபிளில் ட்ரிகரை இழுக்க இரண்டு கிலோ விசை வேண்டியிருந்தால், விரல் ட்ரிகரோடு சேர்த்து ரைஃபிளையே இழுத்துவிடும். வாங்கும்போது ட்ரிகரைக் கட்டாயம் சோதியுங்கள். ராஸ்கலில் இருப்பது மாதிரி திருகிக் குறைக்கக்கூடிய ட்ரிகர் இருந்தால் அதற்குக் கூடக் கொஞ்சம் கொடுக்கலாம். தானே உள்ளே கையை விட்டு ஸ்பிரிங்கை வெட்டுவது வேண்டாம். கீழே விழுந்தால் தானாக வெடிக்கும் ரைஃபிள் யாருக்கும் தேவையில்லை.

லேசான ரைஃபிளோடு வாழ ஒரே வழி, நின்று சுடுவதைக் குறைப்பது. உட்காருங்கள், மண்டியிடுங்கள், முதுகுப்பையின் மேல் வையுங்கள். தோள்வாரை இடது மேல்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினால் பிடியில் கெட்டித்தனம் வந்துவிடும். இடது முழங்கை ரைஃபிளுக்கு நேர் கீழே இருக்கட்டும். குறி வைத்த பிறகு கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி எங்கே நகர்ந்திருக்கிறதோ அதுதான் உடம்பின் இயல்பான திசை. கையால் தள்ளிச் சரி செய்யாதீர்கள். உட்கார்ந்திருக்கும் இடத்தை, காலை நகர்த்திச் சரி செய்யுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் பல வகுப்புகள் இதுதான், பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) டப்பாவைத் திறப்பதே இல்லை. ரேஞ்சில் பத்து மீட்டர் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதன் முன்னால் கையின் பலத்தை நம்பி நிற்கிறவர் யாரும் நிலைப்பதில்லை.

படுத்துச் சுடும்போது மட்டும் கவனம். படுக்கையில் முகம் தானாக முன்னால் போகும், குட்டைக் கட்டையில் கண் ஸ்கோப்பை ஒட்டிவிடும். .22-இல் பின்னுதை மிகக் குறைவு என்பதால் ஆபத்தில்லை. யூத் மாடலில் .243 மாதிரி பெரிய தோட்டா வாங்கியிருந்தால் புருவம் கிழியும். அந்த வகையில் ஸ்கோப்பை நன்றாக முன்தள்ளி மாட்டுங்கள். எடை குறைந்த ரைஃபிளில் பெரிய தோட்டா நெட்டை ரைஃபிளைவிட அதிகமாக உதைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்கோப் சின்னதாகப் போதும், நான்கு மடங்கு காட்டினால் தாராளம். .22-ஐ 50 மீட்டருக்குச் சரி செய்து வையுங்கள். சாதாரண வேகத் தோட்டா நூறு மீட்டரில் அதிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் இறங்கிவிடும். பத்து மீட்டரில், ஸ்கோப் பேரலுக்கு மேலே இருப்பதால், ஓரிரு சென்டிமீட்டர் கீழேதான் படும். இந்த இரண்டையும் அட்டையில் சுட்டுப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனித் தோட்டாவோடு நிற்காமல் மூன்று நான்கு வகையை ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பேரலுக்கும் பிடித்த தோட்டா வேறு. எது நெருக்கமாக விழுகிறதோ அதை மொத்தமாக வாங்குங்கள்.

'சர்வைவல்' என்று சொல்லி விற்கும் மடக்கு ரைஃபிள்கள் பற்றி அக்கா மகன் அதிகம் கேட்டான். ஏ.ஆர்.-7 என்று ஒன்று உண்டு. ஆர்மலைட் கம்பெனிக்காக யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது, இப்போது ஹென்றி கம்பெனி செய்கிறது. பேரலையும் இயந்திரத்தையும் கழற்றிப் பின்கட்டைக்குள்ளேயே அடைத்துவிடலாம், மொத்தம் ஒன்றரைக் கிலோ சொச்சம். பைக்குள் வைக்க இதைவிட வசதி கிடையாது. ஆனால் அந்தக் கட்டை பருமன், சின்ன ஆளின் தோளுக்கும் கன்னத்துக்கும் ஒட்டாது. கழற்றி மாட்டும் எந்த ரைஃபிளும் திரும்ப மாட்டிய பிறகு குறி அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பையின் பக்கவாட்டில் சொருகிக்கொள்ளக்கூடிய, கழற்றத் தேவையில்லாத குட்டை போல்ட் ரைஃபிள்தான் என் தேர்வு. கிரிக்கெட் மாதிரி ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் போல்ட்டை மூடினாலும் தோட்டாவைத் தட்டும் முள் ஏறாது, பின்னாலிருக்கும் குமிழைத் தனியாக இழுத்தால்தான் ஏறும். தனியாக மலையில் நடக்கிறவருக்கு அது நல்ல காவல். குளிரில் விரல் மரத்த நிலையில் அந்தச் சின்னத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போடுவது சிரமம் என்பதும் உண்மை.

உயிர் பிழைப்பது பற்றி நர்ஸாகச் சொல்கிறேன். மலையில் வழி தவறியவரை முதலில் கொல்வது குளிர், பிறகு தாகம். பசி வெகு நாள் கழித்துத்தான் வரும். மழைக்கோட்டு, தீ மூட்டும் சாமான், தண்ணீர், ஆபத்து சிக்னல் அனுப்பும் கையடக்க பீக்கன் ஆகியவற்றுக்குப் பிறகுதான் ரைஃபிளுக்குப் பையில் இடம். முயல் கறியில் கொழுப்பு அநேகமாக இல்லை. வேறெதுவும் இல்லாமல் அதையே தின்றுகொண்டிருந்தால் வயிற்றுப்போக்கும் தளர்ச்சியும் வந்து ஆள் சாய்ந்துவிடுவார். ரைஃபிள் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன் என்று யாரும் புறப்படாதீர்கள்.

வேட்டையில் இந்த ரைஃபிளின் தூரம் ஐம்பது மீட்டர். அதற்குள் போக முடியாவிட்டால் சுடாமல் திரும்புங்கள். ஒடாகோவின் அலெக்சாண்ட்ரா ஊரைச் சுற்றிய குன்றுகளில் காட்டுத் தைம் செடி மண்டிக் கிடக்கும், விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் முயல்கள் அதன் ஓரத்தில் மேயும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட முயல், ஆட்டுக்கான புல்லை மொட்டையடித்துவிட்டது. பண்ணைக்காரர்கள் கெஞ்சிக் கூப்பிடுவார்கள். அப்படியும் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் வேலி தாண்டக்கூடாது. காற்று முகத்தில் அடிக்கும்படி நடந்து, பையைக் கீழே வைத்து, அதன் மேல் ரைஃபிளைக் கிடத்தித் தலையைக் குறி வையுங்கள். தலையில் பட்டால் உடனே போய்விடும். உடம்பில் பட்டு வளைக்குள் புகுந்து வலியில் கிடந்து சாவது நடக்கவே கூடாது. அட்டையில் ஐம்பது மீட்டரில் ஐந்து தோட்டாவையும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் போட முடியாதவர் முயலைக் குறி வைக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

அந்தக் குன்றுகளில் ஷிஸ்ட் என்ற அடுக்குப் பாறைகள் எங்கும் நீட்டிக்கொண்டிருக்கும். .22 குண்டு பாறையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறித்து எங்கேயோ போகும். தெறிக்காவிட்டாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்தபிறகே விரல் ட்ரிகருக்குப் போக வேண்டும். வானத்தைப் பின்னணியாக வைத்து ஒருபோதும் சுடாதீர்கள். குட்டை ரைஃபிளில் முனை எளிதாகத் திரும்பும், பக்கத்தில் நிற்கிறவரின் கால் மேல் அது போவது கண் இமைக்கும் நேரம். வேலி தாண்டும்போதும் வண்டியில் ஏறும்போதும் போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். எந்த ரைஃபிளையும் நிரம்பியது என்றே நினைத்துத் தொடுங்கள். சரியாக அடையாளம் தெரியாத எதையும் சுடாதீர்கள்.

வைத்துப் பராமரிப்பது பற்றிக் கொஞ்சம். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். ஃபோம் வைத்த பெட்டியிலோ தோல் உறையிலோ ரைஃபிளை மூடி வைத்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துரு ஏற்றும். துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, காற்றாடும் பூட்டுப் பீரோவில் நிறுத்துங்கள். கூடவே சிலிக்கா பாக்கெட் போட்டு, அது ஈரமானதும் மாற்றுங்கள். பெல்லட் போடும் ரைஃபிளின் பேரலுக்குள் எண்ணெய் வழியவிடாதீர்கள், அடுத்த சில குண்டுகள் தறிகெட்டுப் போகும். .22 வைத்திருப்பவர்கள் போல்ட்டை ஒரு பூட்டிலும் தோட்டாவை இன்னொரு பூட்டிலும் வையுங்கள். யூத் மாடல் பிள்ளைகள் கைக்கு அப்படியே பொருந்தும் அளவில் செய்யப்பட்டது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சாவி உங்கள் இடுப்பைவிட்டு இறங்கக்கூடாது.